திருவாய்மொழி 3–9 அநுபவம்: மாதச் சம்பளமும் காப்பவனும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

சென்ற ஐப்பசியில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்வாமியின் க்ருஹத்து மாடியில், மூன்றாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியை அநுபவிக்கும் பாக்யம் அடியேனுக்கு வாய்த்தது. துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் ஒருபுறம். அதையும் மீறிப் பாசுரம் சேவிக்கும் கோஷ்டி ஒருபுறம். துறைமுகத்திலும், எண்ணூர், மணலிப் பக்கத்து ஆலைகளிலும் பகலெல்லாம் உழைத்துவிட்டு, நீராடித் திருமண்காப்பு தரித்துக்கொண்டு வந்து அமர்பவர்கள் அவர்கள். சாற்றுமுறையாகி, தீர்த்தமும் பிரசாதமும் விநியோகமான பின்னர், ஒரு ஸ்வாமி மட்டும் படியிறங்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஸ்வாமி, தேவரீர் இன்று சாதித்ததைக் கேட்டபிறகு நாளைக்கு அலுவலகம் போகக் கால் எழாது போலிருக்கிறது" என்றார்.

விஷயம் இதுதான். ஒரு பெரிய நிறுவனத்தில் அவருக்குப் பதினேழு ஆண்டுகளாக வேலை. முதலாளி மேடையில் பேசவேண்டிய உரைகளை எழுதித் தருவது, ஆண்டறிக்கைக்கு முன்னுரை எழுதுவது, விழா மலருக்கு வாழ்த்துரை எழுதுவது. முதலாளியைப் பற்றி முதலாளியின் குரலிலேயே பெருமையாக எழுத வேண்டிய நாட்களும் உண்டாம். மாதம் பிறந்தால் சம்பளம் தவறாமல் வங்கிக்கு வந்துவிடுகிறது; மருத்துவக் காப்பீடும் வைப்பு நிதியும் இருக்கின்றன. வீட்டில் வயதான தாயார், கல்லூரியில் படிக்கும் பெண். மாலை வேளையில் தெருப் பிள்ளைகளுக்கு இவர் கணக்குச் சொல்லித் தருகிறார். "அந்த ஒன்றரை மணி நேரம்தான் ஸ்வாமி, நான் நானாக இருக்கிறேன்" என்றார். ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடம் காலியாகப் போகிறது. இவருக்கு அதற்கான படிப்பும் உண்டு. சம்பளம் இப்போது வாங்குவதில் பாதிகூட வராது.

அடியேன் அன்று விடை சொல்லவில்லை. சொல்லும் தகுதி அடியேனுக்கு இல்லை. ஓய்வு பெறும் நாள் வரை, முப்பத்து நான்கு ஆண்டுகள், ஒரே அலுவலகத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் அடியேன். க்ரந்த காலக்ஷேபத்துக்கு வரும்படி ஆசார்யன் அழைத்தபோதெல்லாம், "பெண்ணின் கல்யாணம் முடியட்டும்", "கடன் தீரட்டும்" என்று சொல்லிச் சொல்லியே காலம் போயிற்று. அழைத்தவர் பரமபதித்த பிறகுதான் அடியேனுக்கு ஒழிவு கிடைத்தது. அதனால் அந்த ஸ்வாமியிடம், "அடுத்த மாதம் வரை பொறுக்கவேண்டும்" என்று மட்டும் விண்ணப்பித்துக்கொண்டு விடைபெற்றேன். அந்த ஒரு மாதம் நெஞ்சில் ஓடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பதிகம் புலவர்களை நோக்கியது என்பது நம்மவர் அறிந்ததே. முதற் பாசுரத்திலேயே ஆழ்வார், தாம் சொல்லப்போவது கேட்பவருக்குப் பகையாகப் படும் என்று தெரிந்தே பேசத் தொடங்குகிறார். தெரிந்தும் சொல்லாமல் விட முடியவில்லை. எதிரே நிற்பவர்கள் கெட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவருடைய க்ருபை இடம் கொடுக்கவில்லை. திருவேங்கடமுடையான் இருக்க, தம் இனிய கவியைப் பிறர் ஒருவருக்குக் கொடேன் என்று தம் நிலையை முதலில் அறிவித்துவிட்டு, பிறகே மற்றவர்களை நோக்கித் திரும்புகிறார். மனிதரைப் பாடிப் பெறுவது எத்தனை நாளைக்குப் போதும் என்று கேட்கிறார். அந்தச் செல்வத்தைக் குப்பையைக் கிளறுவதற்கு ஒப்பிடுகிறார்.

புலவர்கள் பக்கத்தில் ஒரு நியாயமான கேள்வி உண்டு. "பாடாவிட்டால் வயிற்றுக்கு என்ன வழி?" அதற்கு ஆறாம் பாசுரத்தில் விடை வருகிறது. உடம்பு வருந்தக் கையால் உழைத்துப் பிழையுங்கள் என்கிறார் ஆழ்வார். பிறந்தது முதல் திருப்புளியாழ்வார் நிழலை விட்டு நகராதவர், புலவர்களைக் கூலி வேலைக்கு அனுப்புகிறார்! முதல் தடவை கேட்பவர்க்குச் சிரிப்புக்கூட வரலாம். வண்ணாரப்பேட்டை மாடியில் யாரும் சிரிக்கவில்லை. மூட்டை சுமந்து குடும்பம் காத்த தகப்பனாரைப் பெற்றவர்கள் அங்கே நாலைந்து பேராவது இருந்திருப்பார்கள். கையால் உழைப்பதில் ஸ்வரூபத்துக்கு ஒரு குறையும் இல்லை, நாவை விற்பதில்தான் குறை என்பது அவர்களுக்கு வியாக்யானம் இல்லாமலேயே விளங்கிற்று.

அதே பாசுரத்தில் இன்னொன்றும் சொல்லுகிறார். இவ்வுலகத்தை நான் நன்றாக ஆராய்ந்து பார்த்துவிட்டேன், நீங்கள் நம்பும்படியான செல்வர் இப்போது ஒருவரும் இல்லை என்கிறார். புலவர்கள் எதைப் பத்திரமான இடம் என்று எண்ணியிருந்தார்களோ, அதன் அஸ்திவாரத்தையே தட்டிக் காட்டுகிற வார்த்தை இது. வடசென்னைக்காரர்களுக்கு இதற்கு நூல் ப்ரமாணம் தேவையில்லை. பின்னி ஆலையில் வேலை என்றால் மறுபேச்சின்றிப் பெண் கொடுத்த காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட அந்த ஆலை 1996இல் மூடப்பட்டது. சங்கு ஊதாத காலையில் எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்களின் பிள்ளைகள் நம் கோஷ்டியிலேயே இருக்கிறார்கள்.

நம் பூர்வாசார்யர்கள் ஆத்மாவுக்கு மூன்று ஆகாரங்களைச் சொல்வார்கள்: அவனுக்கே அடிமை, அவனே புகல், அவனே போக்யம். மாதச் சம்பளம் வாங்குவதால் இவற்றில் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. அந்தச் சம்பளந்தான் நம்மைக் காக்கிறது என்று நெஞ்சு உறுதிப்பட்டுவிட்டால், இரண்டாவது ஆகாரம் சத்தமில்லாமல் போய்விடுகிறது. வேலையை விட்டால் செத்துப்போவோம் என்று நடுங்குகிறவன், வாயால் த்வயம் அநுஸந்தித்தாலும், நெஞ்சால் வேறு ஒருவரைச் சரணம் பற்றியிருக்கிறான். அடியேன் முப்பத்து நான்கு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன்; ஆகையால் இதைத் தயங்காமல் எழுதுகிறேன்.

வண்ணாரப்பேட்டை என்ற பெயரைக் கேட்டாலே ஒரு ஐதிஹ்யம் நினைவுக்கு வரும். கும்பினியார் காலத்தில் கப்பலேறவிருந்த துணிகளைத் துவைத்து வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த பேட்டை இது. கண்ணனும் நம்பி மூத்தபிரானும் மதுரைத் தெருவில் நடந்து வரும்போது, கம்ஸனுடைய ஆடைகளை வெளுத்துச் சுமந்து வந்த ரஜகனைக் கண்டு, "எங்களுக்குத் தக்க உடை கொடு" என்று கேட்டார்கள். அவனோ, அரசனுடைய உடைமைக்கு ஆசைப்படும் இடைப்பிள்ளைகளா என்று ஏசினான். அதற்குரிய முடிவையும் பெற்றான். துணி அவனுடையதும் அல்ல. இரவல் செல்வத்தின் கர்வம் அவனை விழுங்கிற்று. பல நூற்றாண்டுகள் கழித்துத் திருவரங்கத்தில் ஓர் ஈரங்கொல்லி, நம்பெருமாளுடைய திருப்பரிவட்டங்களை அழகாக வெளுத்து எடுத்து வந்து எம்பெருமானாருக்குக் காட்டினான். உடையவர் உகந்து, அவன் கையைப் பிடித்து ஸந்நிதிக்கு அழைத்துச் சென்று பெருமாளுக்கு அவன் கைங்கர்யத்தைக் காட்டியருளினார். இவனை முன்னிட்டு, அன்று மதுரையில் ரஜகன் செய்த அபராதத்தைப் பொறுத்தோம் என்று பெருமாள் திருவுள்ளம் பற்றியதாகப் பெரியோர் பணிப்பார்கள்.

தொழில் ஒன்றே. ஒருவன் யாருக்காக வெளுத்தான், மற்றவன் யாருக்காக வெளுத்தான் என்பதுதான் வாசி. ஆகவே அந்த ஸ்வாமிக்கு, "வேலையை விடாமலே நோக்கத்தை மாற்றிக்கொள்ளலாமே" என்று சொல்லிவிடலாமா என்று முதலில் தோன்றிற்று. சொல்வதற்கு எளிது, கேட்பவருக்கும் சிரமமில்லை. யோசித்துப் பார்த்தால் பொருந்தவில்லை. துணி வெளுப்பதை யாருக்காகவும் செய்யலாம். மெய்யல்லாத புகழை எழுதுவதை எம்பெருமானுக்காகச் செய்வது எப்படி? இந்தப் பதிகம் குறிவைத்துச் சொல்வதே அந்த ஒரு தொழிலைத்தானே.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மனத்துக்குப் பிடித்த வேலைக்கு மாறச் சொல்லுகிறவர்கள், தன் தர்மமே மேலானது என்னும் கீதையின் மூன்றாம் அத்யாயத்து வார்த்தையை எடுத்துக்காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நம் பாஷ்யகாரர் அங்கே கர்மயோகத்தையே ஸ்வதர்மமாகக் காட்டியருளியிருக்கிறார். அந்த ச்லோகத்தை உத்யோக விஷயத்துக்கு இழுப்பதில் அடியேனுக்கு உடன்பாடில்லை.

விபீஷணாழ்வானை நினைத்துக்கொள்ளலாம். இலங்கையைவிடப் பத்திரமான இடம் அன்று எது? சுற்றிலும் கடல், உள்ளே மதில், தமையன் அரசன். அவர் எடுத்த எடுப்பில் வெளியேறிவிடவில்லை. சபையில் மீண்டும் மீண்டும் ஹிதம் சொன்னார். உள்ளே இருந்தபடியே திருத்தமுடியுமா என்று பார்த்தார். முடியாதென்று தெளிவான பிறகே நால்வரோடு எழுந்து கிளம்பினார். கடலைக் கடந்து வந்தவர் உடனே தரையில் இறங்கினாரா என்றால் இல்லை. ஆகாசத்திலேயே நின்றார். பின்னே இலங்கை இல்லை. முன்னே பெருமாளின் பாளயத்தில் ஸுக்ரீவ மஹாராஜர் முதலானோர் ஐயப்படுகிறார்கள். காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. விட்டவர்கள் எல்லோரும் கொஞ்ச நேரமாவது அந்த நடுவானில் நின்றே தீரவேண்டும். நமக்கு அச்சம் தருவது பழைய இடமும் அல்ல, புதிய இடமும் அல்ல. இரண்டுக்கும் இடையிலுள்ள அந்த வெளிதான்.

ஆளவந்தார் சரித்ரமும் உண்டு. ஆக்கியாழ்வானை வென்று பாதி ராஜ்யம் பெற்றவர். மணக்கால் நம்பி ஆறு மாதம் தூதுவளைக் கீரை கொண்டு வந்து கொடுத்து அவரை மீட்டதும், திருவரங்கத்தில் பெரிய பெருமாளையே பாட்டனார் வைத்துப்போன நிதியாகக் காட்டியதும் இவ்விதழ் வாசிப்பவர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. ராஜ்யத்தை விட்டு வரும்படி நம்பி அவரிடம் சொன்னதாக இல்லை. அதைவிடப் பெரியது ஒன்று உண்டு என்று காட்டினார். ராஜ்யம் தானே கழன்று விழுந்தது.

வண்ணாரப்பேட்டையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், நம்மவரான வேறொருவரின் சரித்ரம் இருக்கிறது. கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன், 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். அதற்கு முன் பல ஆண்டுகள் படிப்பும் நிறைவேறாமல், உத்யோகமும் இல்லாமல், நோட்டுப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு வாசல் வாசலாக நின்றவர். கல்யாணமும் ஆகியிருந்தது. அப்படிப்பட்டவருக்கு அந்த 30 ரூபாய் எவ்வளவு பெரிய கரை என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார்.

அந்த அலுவலகத்தை அவர் இகழ்ந்தவர் அல்லர் என்பதைச் சொல்லியாக வேண்டும். கழகத்தின் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கும், கணக்குப் பிரிவில் மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயரும் அவரை அடையாளம் கண்டு ஆதரித்தவர்கள். நாராயண ஐயர் தாமும் கணிதம் அறிந்தவர்; இருவரும் இரவில் சிலேட்டு வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். வேலையை வெறுத்துக்கொண்டே இருப்பதைத் துணிவு என்று எண்ணுகிறவர்கள் நம்மிடையே உண்டு. ராமாநுஜன் கணக்குப் பேரேட்டையும் எழுதினார், தம் கணிதத்தையும் எழுதினார். 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தாம் துறைமுக அலுவலகத்தில் சொற்பச் சம்பளம் வாங்கும் எழுத்தர் என்பதைக் கூச்சமில்லாமல் முதலிலேயே தெரிவித்துக்கொண்டார்.

அவ்வாண்டு மே மாதம் 1ஆம் நாள், சென்னைப் பல்கலைக்கழகம் அளித்த ஆராய்ச்சி உதவித்தொகையை ஏற்றுத் துறைமுக மேஜையைவிட்டு எழுந்தார். மாதம் 75 ரூபாய். சம்பளத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல்தான். ஆனால் இரண்டே ஆண்டுக்கு. துறைமுக வேலையோ ஆயுள் முழுவதற்கும் நிழல். எண்ணிக்கையைப் பார்த்தால் ஏற்றம். காலத்தைப் பார்த்தால் நடுவான்.

அடுத்தது இன்னும் கடினம். ஹார்டி இங்கிலாந்துக்கு அழைத்தார். கடல் கடப்பது அக்காலத்து வைதிகக் குடும்பத்தில் எளிதில் பொறுக்கக்கூடிய காரியம் அல்ல. முதலில் அவர் இசையவில்லை. குடும்பத்தார்க்கு எல்லாம் நாமக்கல் நாமகிரித் தாயார். தாயார் கோமளத்தம்மாளின் கனவில் பிராட்டியே தோன்றி, பிள்ளையைத் தடுக்க வேண்டாம் என்று நியமித்தாள் என்று சொல்வர். ராமாநுஜனே நாமக்கல்லுக்குச் சென்று ஸந்நிதியில் தங்கி அநுமதி பெற்றார் என்றும் சொல்வர். எதுவாயினும், பிராட்டியைப் புருஷகாரமாகக் கொண்டே அந்தக் குடும்பம் அச்சத்தைக் கடந்தது. நம் ஸம்ப்ரதாயத்துக்கு இது புதிய வழி அல்லவே! 1914 மார்ச் 17 அன்று நெவாஸா என்ற கப்பலில், எந்தத் துறைமுகத்தின் கணக்கை எழுதினாரோ அதே துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். வயது 26. குடுமி போயிற்று. சைவ உணவை விடாமல், அங்கே தம் கையாலேயே சமைத்துக்கொண்டார்.

பலன் உலகறிந்தது. 1918இல் ராயல் ஸொஸைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு நோயோடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில், சென்னைச் சேத்துப்பட்டில் திருநாடு அலங்கரித்தார். துறைமுகத்திலேயே இருந்திருந்தால் நெடுநாள் இருந்திருப்பாரோ என்று கேட்பவர்களுக்கு அடியேனிடம் விடை இல்லை. விட்டவர்க்கெல்லாம் சௌக்யம் வரும் என்று வாக்குக் கொடுக்க இந்தச் சரித்ரம் இடம் தராது.

ஒன்று மட்டும் அடியேன் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1919 ஜனவரியில், இங்கிலாந்திலிருந்து திரும்புவதற்கு முன், பல்கலைக்கழகம் தமக்கு ஆண்டுக்கு 250 பவுண்டு அளிக்க முன்வந்தபோது, அவர் பதில் எழுதினார். பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுண்டும், தம் அவசியச் செலவும் போக மீதியை, ஏழைப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகங்களுக்கும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பசியை நன்றாக அறிந்தவர் எழுதிய கடிதம். பெற்றோரை மறக்கவுமில்லை, பணத்தைக் காப்பென்று பிடித்துக்கொள்ளவுமில்லை.

கார்த்திகையில் மறுபடி அதே மாடி. அந்தத் தடவை பத்தாம் திருவாய்மொழி. மனிதரைப் பாடமாட்டேன் என்றவர், எம்பெருமானைப் பாடப்பெற்றேன், இனி எனக்கு ஒரு குறையும் இல்லை என்று களிக்கும் பதிகம். அந்த ஸ்வாமி முன் வரிசையிலேயே அமர்ந்திருந்தார். மேலே எழுதியவற்றை அவரிடம் விண்ணப்பித்துவிட்டு, ஒரு கேள்வி கேட்டேன். "தேவரீர் இதை க்ருஹத்தில் சொல்லியாயிற்றா?"

சொல்லவில்லை. பதினான்கு மாதங்களாகத் தாம் ஒருவராகவே இதைச் சுமந்துகொண்டிருந்தார். தர்மபத்னி பயந்துபோவார் என்பது அவர் எண்ணம்.

அப்போதுதான் கூரத்தாழ்வான் சரித்ரம் வந்தது. கூரத்தில் செல்வத்தையெல்லாம் துறந்து, தேவிகளான ஆண்டாளோடு இரவில் காட்டு வழியே திருவரங்கத்துக்கு நடக்கிறார். "வழியில் பயம் உண்டோ?" என்று ஆண்டாள் கேட்கிறாள். "மடியில் கனமிருந்தால்தானே பயம். ஏதாவது கொண்டு வந்தாயோ?" என்கிறார் ஆழ்வான். அவர் அமுது செய்யட்டுமே என்று ஒரு பொன்வட்டிலைக் கொண்டு வந்திருந்தாள். வாங்கி வீசி எறிந்தார், மேலே நடந்தார்கள். இதில் நாம் கவனிக்காமல் விடுவது ஒன்றுண்டு. அவள் தனக்காக வட்டிலை எடுத்து வரவில்லை. அவருக்காக எடுத்து வந்தாள். அவள் கேட்டதனால்தான் வட்டில் வெளியே வந்தது. ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளாமல் நடந்திருந்தால், திருவரங்கம் வரை வட்டிலும் வந்திருக்கும், பயமும் வந்திருக்கும்.

தாயாரின் மருந்துச் செலவை வட்டில் என்று வீசிவிடலாகாது என்பதையும் சொன்னேன். காப்பது கடமை, காப்பவன் நான் என்று நினைப்பதுதான் கனம். அவர் ஒன்றும் பேசாமல் ஸேவித்துவிட்டுப் போனார்.

மார்கழியில் தம்பதிகளாக வந்தார்கள். அந்த அம்மாள் சொன்னாள்: "ஸ்வாமி, இவர் வேலையை விட்டுவிடுவாரோ என்று நான் ஒரு நாளும் பயப்பட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் இவர் முகம் இருண்டு போகும். அதற்குத்தான் இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன்." இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்களாம். பெண்ணுக்குக் கல்லூரியில் கடைசி ஆண்டுக் கட்டணம் கட்டியாகிவிட்டது. தாயாரின் மருந்துக்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்கினார்கள். எட்டு மாதச் செலவுக்குக் கையிருப்பு உண்டு; அதற்கு மேல் இல்லை. ஜூனில் பள்ளி திறக்கிறது. விலகல் கடிதம் கொடுத்துவிட்டார்.

"முதலாளிக்கு வருத்தமா?" என்று கேட்டேன்.

"இல்லை ஸ்வாமி. புத்தாண்டு விழாவுக்கு ஓர் உரை எழுதித் தரச் சொன்னார். கடைசி உரை. வழக்கமாக நான்கு பக்கம் எழுதுவேன். இந்தத் தடவை, அந்த நிறுவனத்தால் எங்கள் குடும்பம் உண்மையில் பெற்ற நன்மைகளை மட்டும் எழுதினேன். முக்கால் பக்கம் வந்தது. அவர் படித்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தைகூட மாற்றாமல் அதையே மேடையில் பேசினார்."

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்
அடியேன் ராமாநுஜ தாஸன்